மூன்றரை வந்ததா இல்லையா?

அன்று அறையில் நானும், புது கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுக்க வந்த கடைக்காரரும் இருந்தோம். அதற்குப் பாதிப் பணம் போட்ட அறைத்தோழன் முருகேசன் இல்லை; ஒரகடத்தில் கம்பெனியில் பகல் ஷிப்ட்.

கடைக்காரர் ஒல்லியானவர். ப்ராசஸர் மேலிருக்கும் தகட்டை, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

"ஸ்பீடு மூணு கிகான்னு போட்டுகீது, நம்பாத தம்பி. மூணரைக்கு ஏத்தலாம். கம்ப்யூட்டர் புஸ்தகத்துல ஒருத்தன் நாலு வரிக்கும் போய்கீறான்."

"வேண்டாம்ணே. கம்பெனி டிசைன் செக்ஷன் டெஸ்டுக்கு வரைஞ்சு பழகத்தான் வாங்கினோம். அடுத்த வாரம் டெஸ்ட்."

"படிச்ச புள்ள, இன்னாத்துக்குப் பயப்படுற? பைக்கு வாங்கி நாப்பதுலயே ஓட்டுவியா?"

வேகத்தை ஏற்றிவிட்டார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, எங்கள் ஒரே டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பினார். திரையில் மூன்றரை என்று வந்ததும் கைதட்டினார். நான் வியர்வையில் நனைந்துகொண்டு நின்றேன். சற்று நேரத்தில் திரை அணைந்தது. கருகல் வாடை வந்தது.

"புஸ்தகத்துக்காரன் ஏசி ரூம்ல வச்சுப் பார்த்திருப்பான். இது தகரக் கூரை, சித்திரை வெயில்! இதுகூடவா தெரியாது?" என்று கத்தினேன்.

புறங்கையால் தொட்டவர் சுட்டுக்கொண்டு உதறினார். "கத்தாத தம்பி. மூணரை வந்துச்சா இல்லியா? நீயே பாத்தல்ல?"

ஏற்றியதற்கு அவர் கூலி கேட்கவில்லை. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் மறந்திருப்பேன். அந்த முகத்திலிருந்த நிஜமான சந்தோஷம்தான் இன்றும் என்னைக் கொதிக்க வைக்கிறது. பழகாமலேயே டெஸ்டுக்குப் போய்த் தோற்றேன். வேகத்தைக் கூட்டியதால் வாரண்டியும் செல்லாது என்றார்கள். போர்டும் ப்ராசஸரும் புதிதாக வாங்க எனக்கும் முருகேசனுக்கும் ஆனது பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.