வெர்னா கிரேபில்லைத் தேடிய வெர்னா கிரேபில்

வெர்னா கிரேபில் எங்கள் நீதிமன்றத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் வருவாள், செவ்வாயும் வெள்ளியும். 1981 மார்ச் முதல் 1999 கடைசி வரை அவள் வராமல் போன நாட்கள் ஏழு. நான்கு பனியால், இரண்டு காய்ச்சலால், ஒன்று அவளுடைய அம்மாவின் அடக்கத்துக்காக. டெல்மோர் கவுண்டி என்ற எங்கள் மாவட்டத்தின் குற்ற வழக்குப் பதிவுகளும் அவற்றைப் பார்க்க வருபவர்களின் கையெழுத்துப் பதிவேடும் அந்தக் காலம் முழுவதும் என் பொறுப்பில் இருந்தன. அதனால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

பெயர் தேடுவதுதான் அவள் தொழில். யாராவது வேலைக்கு மனுப் போட்டால், அவர் மேல் வழக்கு உண்டா என்று முதலாளிகள் பார்க்கச் சொல்வார்கள். கொலம்பஸ் நகரத்தில் ஒரு நிறுவனம் அந்தப் பெயர்களையெல்லாம் திரட்டிப் பட்டியலாக அவளுக்கு அனுப்பும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த தேதி. அவள் ஐந்து கவுண்டிகளுக்குக் கார் ஓட்டிப் போய் ஏழு வருடத்து வழக்குகளின் பெயர் அட்டவணையைப் புரட்டுவாள். பெயரும் தேதியும் இரண்டும் பொருந்தினால் ‘பதிவு உண்டு’, இல்லாவிட்டால் ‘பதிவு இல்லை’. ஒரு பெயருக்கு மூன்று நிமிடம். வழக்குக் கட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

வாசலில் நிற்கும் காவலர் டூயி தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“இன்னிக்கு யாரு வயித்துல அடிக்கப் போற, வெர்னா?”

“உன் பேரு வந்தா முதல்ல உனக்குத்தான்யா” என்பாள்.

1992 பிப்ரவரி 11, செவ்வாய். பட்டியலில் பதினாறாவது பெயரைப் பார்த்துவிட்டு அவள் சத்தமாகச் சிரித்தாள்.

“ப்ரூபேக்கர், இங்க வாங்க. என்னையே தேடச் சொல்லியிருக்காங்க!”

போய்ப் பார்த்தேன். வெர்னா ஜே. கிரேபில். பிறந்த தேதி 1946 மார்ச் 9. அவள் பெயர், அவள் பிறந்த நாள். வடக்கே எழுபது மைலுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கான மனு.

“வேற வேலை தேடுறியா நீ?”

“சமையலா? எனக்கு முட்டை அவிக்கவே வராது.”

சிரித்துக்கொண்டே அட்டவணையைத் திறந்தாள். சிரிப்பு நின்றது. 1986ஆம் வருடம், 417ஆம் எண் குற்ற வழக்கு. துணிக்கடையில் திருட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டது, முப்பது நாள் சிறை. பெயர் வெர்னா ஜே. கிரேபில். தேதி 1946 மார்ச் 9. அவள் சிறைக்குப் போனதில்லை என்று என்னால் சாட்சி சொல்ல முடியும். அந்த முப்பது நாளில் விழுந்த ஒன்பது செவ்வாய் வெள்ளிகளிலும் என் பதிவேட்டில் அவளுடைய கையெழுத்து இருக்கிறது.

“உலகத்துல ஒரே பேருல ரெண்டு பேர் இருக்க மாட்டாங்களா?” என்றேன்.

“ஒரே நாள்லயும் பொறந்திருப்பாங்களா?”

விதி விதிதான். ‘பதிவு உண்டு’ என்று எழுதி அனுப்பினாள். அந்த வேலை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்காது.

ஜூன் 5, வெள்ளிக்கிழமை அந்தப் பெயர் மறுபடி வந்தது. இந்த முறை ஒரு தங்கும் விடுதியில் துணி துவைக்கும் வேலை. ஊர் ஐம்பத்தைந்து மைல். செப்டம்பர் 1, மூன்றாவது முறை. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை, நாற்பது மைல். இரண்டு தடவையும் வெர்னா ‘பதிவு உண்டு’ என்றே எழுதினாள். மூன்றாவது தடவை எழுதிய பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அவ கிட்ட வந்துகிட்டே இருக்கா, கவனிச்சீங்களா?”

“வேலை எங்க கிடைக்குதோ அங்க மனுப் போடுறா. அவ்வளவுதான்.”

“எங்கயும் கிடைக்கலையே. நான்தான கெடுக்குறேன்.” தன் கையைப் பார்த்துக்கொண்டாள். “நேத்து வீட்டுக் கதவத் தொறக்கறப்போ, உள்ள யாரோ இருந்து ‘யாரது?’ன்னு கேப்பாங்கன்னு ஒரு நிமிஷம் நின்னுட்டேன். தனியா இருக்கறவ நான்.”

பிறகு, பதினோரு வருடத்தில் முதல் முறையாக, ஒரு வழக்குக் கட்டைக் கேட்டுப் படிவம் எழுதினாள். கீழ்த்தளத்துக்குப் போய் 417ஐ எடுத்து வந்தேன். பதினான்கு தாள். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கைதானபோது நிரப்பிய தாளில் நின்றாள். உயரம், எடை, கண் நிறம். அடையாளம்: இடது முன்கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. நெருங்கிய உறவு: தங்கை, லோயிஸ் கிரேபில். அதற்கு எதிரே ஒரே ஒரு சொல், ‘இறந்துவிட்டாள்’.

வெர்னா தன் சட்டையின் இரண்டு கைகளையும் முழங்கை வரை மடித்து என்னிடம் காட்டினாள். தழும்பு எதுவும் இல்லை.

“லோயிஸ் கையில இருக்கு. நான்தான் சுட்டேன். எனக்கு ஒம்பது வயசு, அவளுக்கு ஏழு. ஒரு பாவாடைக்குச் சண்டை.”

லோயிஸ் அவளுடைய தங்கை. பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனவள். இருபத்தாறு வருடமாக ஒரு கடிதம் கிடையாது. செத்துப்போனாள் என்று நம்பியே அவர்கள் அம்மா கண்ணை மூடினாள். போலீஸ் பிடித்தபோது லோயிஸ் அக்காவின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லியிருக்கிறாள். அப்படிச் செய்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்ததும் பெயரைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். இவள் ஆறு வருடமாக அதே பெயரில் வேலை கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவேளை அதற்கும் வெகு முன்பிருந்தே.

“உயிரோட இருக்கா” என்றாள் வெர்னா. “மூணு தடவை வந்து கதவத் தட்டியிருக்கா. மூணு தடவையும் நான் விரட்டியிருக்கேன்.”

கொலம்பஸ் நிறுவனத்தைக் கேட்டாள். மனுதாரரின் முகவரியைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டியலில் ஊர்ப் பெயரோடு சரி. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் விசாரித்தாள். அப்படி யாரையும் நாங்கள் சேர்க்கவில்லை என்றார்கள். சேர்த்திருக்க மாட்டார்கள்தான்.

செப்டம்பர் 14, திங்கள். தபாலில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பதிவைக் காரணம் காட்டி வேலை மறுத்தால் எந்தப் பதிவு என்று மனுதாரருக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே அந்தப் பெண் 417ஆம் வழக்கின் நகல் கேட்டு எழுதியிருந்தாள், அனுப்பியவர் முகவரியோடு. கையெழுத்து: வெர்னா ஜே. கிரேபில். பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டேன். முதல் எழுத்தின் கோடு, கடைசி எழுத்தின் சுழிப்பு, இரண்டிலும் ஒன்றே.  

யார் எதைக் கேட்டார்கள் என்று நாங்களாக வாய் திறக்கக் கூடாது. ஆனால் வந்த கடிதங்களை ஒரு கோப்பில் வைப்போம், அந்தக் கோப்பும் பொதுப் பதிவு. எழுதிக் கேட்டால் எவருக்கும் காட்ட வேண்டும். முப்பது வருடத்தில் ஒருவர் கூட அதைக் கேட்டதில்லை. அப்படி ஒரு கோப்பு இருப்பது யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை வெர்னா வந்ததும் ஒரு வெற்றுப் படிவத்தை அவள் முன்னால் தள்ளினேன்.

“என்ன இது?”

“ஏதாவது கேக்கணும்னா எழுதிக் கேளு.”

“என்னத்தக் கேக்கணும்?”

“அதை நான் சொல்லக் கூடாது.”

“ப்ரூபேக்கர், எனக்கு வெளையாட நேரமில்ல.”

“நான் என்னிக்கு வெளையாடியிருக்கேன்?”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, என் மேசையில் எந்த இழுப்பறை திறந்திருக்கிறது என்று பார்த்தாள். அதை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தேன். அதன் மேல் ‘வந்த கடிதங்கள்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அவள் எழுதத் தொடங்கினாள். 417ஆம் வழக்கைக் கேட்டு வந்த கடிதங்கள் எல்லாம். நான் முத்திரை குத்தி, நேரம் குறித்து, கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். காலை பத்து இருபது.

ஞாயிற்றுக்கிழமை அந்த முகவரிக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை வந்தபோது டூயியின் கேள்விக்கு நிற்காமல் நேராக உள்ளே வந்தாள். என் எதிரே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“தபால் பெட்டியில என் பேரு. கதவத் தட்டினேன். உள்ளேருந்து ‘யாரது?’ன்னு சத்தம். என் குரல். தொறந்து என்னைப் பாத்தா. சிரிச்சா. ‘வந்துட்டியா லோயிஸ்’ன்னா.”

“உன்னையா?”

“என்னைத்தான். ‘நீ செத்துட்டேன்னு அம்மா சொன்னாங்களேடி’ன்னு கட்டிப் புடிச்சு அழறா. உக்கார வெச்சு பேசுறா. நாலாங் கிளாஸ்ல எனக்குக் குடுத்த பரிசு, எனக்கு அம்மா பின்னின பச்சை ஸ்வெட்டர், எல்லாம் அவளோடதாச் சொல்றா. ஒண்ணு தப்பில்ல.”

“நடிக்கிறாளா?”

“அப்படி இருந்தா நல்லா இருந்திருக்கும்.” தண்ணீர் குடித்தாள். “கையத் தூக்கிக் காட்டினா. ‘பாவாடைக்காக நீ சுட்டது, லோயிஸ், பரவால்ல, நான் எப்பவோ மறந்துட்டேன்’னா. ப்ரூபேக்கர், நான் சுட்டதுதான். அதனால ‘ஆமா’ன்னுட்டேன். சொன்னப்புறம்தான் எதுக்கு ஆமான்னேன்னு தெரிஞ்சுச்சு.”

அவளுக்கு வழி இருந்தது. பெயர் களவு போனவர்கள் நீதிபதியிடம் மனுக் கொடுக்கலாம். கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்து, வழக்கு உண்மையான ஆளின் பெயருக்கு மாறும். மனுப் படிவத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். இவள் பெயர் சுத்தமாகும், தங்கை மறுபடியும் கைதாவாள். படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அது என் மேசைக்குத் திரும்பி வரவில்லை.

அக்டோபர் 16, வெள்ளி. பட்டியலில் நான்காவது பெயர். முதியோர் இல்லத்துச் சமையலறை. எங்கள் கவுண்டியிலேயே, நீதிமன்றத்திலிருந்து பதினோரு மைல்.

மற்ற எல்லாப் பெயர்களையும் முடித்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது பேனாவை எடுத்தாள். ‘பதிவு இல்லை’ என்று எழுதினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “வெர்னா, நீ இதுவரைக்கும் தப்பா ஒண்ணு எழுதினதில்ல.”

“இப்பவும் எழுதல. அவங்க கேட்டது என்ன? 1946 மார்ச் 9ல பொறந்த வெர்னா கிரேபில் இந்தக் கவுண்டியில குத்தம் பண்ணியிருக்காளான்னு. பண்ணல. எனக்குத் தெரியாதா?”

அன்று மாலை அதை என் மனத்தில் பலமுறை சரிபார்த்தேன். சொல்லுக்குச் சொல் உண்மை. அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. அவள் பெயர் பட்டியலில் அப்புறம் வரவில்லை. வெர்னா ஞாயிறுதோறும் அங்கே சாப்பிடப் போனாள். அங்கே அவளை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், அவள் எந்தப் பெயருக்குத் திரும்பினாள் என்று நான் கேட்கவில்லை. ஒருமுறை அவளாகவே சொன்னாள்: “அங்க நான் சின்னவ. எனக்கு முதல்ல பரிமாறுறா.”

1994 பிப்ரவரி 4, வெள்ளிக்கிழமை. அபூர்வமாக அவள் கேட்டிருந்த வழக்குக் கட்டு ஒன்று தயாராக இருந்தது. தேடுபவர்களின் மேசையில் எனக்கு ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

“வெர்னா” என்று கூப்பிட்டேன்.

அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“வெர்னா.”

தாள் திரும்பியது. தலை திரும்பவில்லை. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். வாசலில் டூயி இருமினால் கூட நிமிர்ந்து பார்ப்பாள்.

மூன்றாவது முறை கூப்பிட வாயெடுத்தேன். இன்னொரு பெயரும் என் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொன்னால் திரும்புவாளோ என்று தோன்றியது. சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து நடந்து போய், கட்டை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.