ஒரு திரைக்கு இரண்டு டிரைவர்கள்

எங்கள் மாதா கோயில் மண்டபத்துக் கணினிகள் எல்லாம் வெளிநாட்டில் யாரோ வேண்டாமென்று கழித்தவை. சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தீவுக்கு வந்து சேர்ந்தன. சுவாமியார் மண்டபக் கதவுத் திறப்பை என்னிடம் நீட்டி, "பிள்ளை, நீர்தானே படிச்சனீர், நீரே பாரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் படித்தது கணக்கியல். அதைச் சொல்லியும் அவர் காதில் விழவில்லை. கணினியை இயக்க இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் மென்பொருளைப் போட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் தட்டச்சு பழக்கத் தொடங்கினேன்.

வில்லங்கம் படம் காட்டும் அட்டையில் இருந்தது. கணினிக்கும் அட்டைக்கும் நடுவில் நின்று பேசுகிற மென்பொருளை டிரைவர் என்பார்கள். லினக்ஸில் அந்த அட்டைக்கு இரண்டு டிரைவர்கள். ஒன்று, உலகத்தின் எங்கெங்கோ இருந்த ஆர்வக்காரர்கள் சம்பளமில்லாமல் எழுதியது. அதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் அட்டையின் உள்விபரங்களை அதைச் செய்த கம்பனி மூடி வைத்திருந்ததால், பாவம், இருட்டில் தடவித் தடவி எழுதினார்கள். அதில் வீடியோ விக்கி விக்கி ஓடும். மற்றது கம்பனி தானே எழுதி மூடிக் கொடுத்தது. அதில் வீடியோ தண்ணீர் மாதிரி ஓடும். லினக்ஸைப் புதுப்பித்தால் மட்டும் திரை கறுத்துவிடும். ஒன்றை ஏற்றினால் மற்றதைக் கழற்ற வேண்டும். வேலிச் சண்டையில் பேச்சை விட்ட இரண்டு வளவுக்காரர் போல, இரண்டு பகுதியும் ஒன்றின் முகத்தை ஒன்று பாராமல் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தன.

பக்கத்து வீட்டில் எனக்கொரு சிநேகிதி இருந்தாள். பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை, எழுத்தும் தெரியாது. ஆனால் கை பேசும். கடலில் காற்று குரலைக் கொண்டுபோய்விடும் என்பதால் எங்கள் பக்கத்து ஆட்கள் வள்ளத்துக்கு வள்ளம் கையால்தான் கதைப்பார்கள். அந்தச் சைகைகளோடு தன்னுடையவற்றையும் சேர்த்து அவள் ஒரு பாஷையே வைத்திருந்தாள். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவளுடைய தமையனின் வள்ளத்தில் கடற்றொழிலுக்குப் போன ஒருவனுக்கும் அது நன்றாக வந்தது. அவளுக்கும் அவனுக்கும் மனம் ஒத்துப்போயிற்று. பிறகு அவன் பிரான்ஸுக்குப் போனான்.

கடிதம் எழுதினால் வேறு யாரோ வாசித்துச் சொல்ல வேண்டும். அதனால் கோயில் பெருநாளுக்கு ஊர் வந்த ஒருவரிடம் ஒரு சீடி கொடுத்துவிட்டான். கமராவுக்கு முன்னால் நின்று அவன் கையால் பேசியதுதான் அதில் இருந்தது. தூரத்தில் இருக்கிற ஒருவன், இடையில் ஆளில்லாமல், அவளுடைய பாஷையில் அவளோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. சீடி கொண்டுவந்தவர் பெருநாள் முடிந்த கையோடு திரும்புகிறார். பதிலும் அவரிடம்தான் போக வேண்டும்.

என் கெட்ட காலம், புதியதில் தமிழ் எழுத்து நன்றாக வருகிறதென்று சற்று முன்னர்தான் லினக்ஸைப் புதுப்பித்திருந்தேன். கம்பனியின் டிரைவர் வழக்கம்போல் அடம்பிடிக்க, அதைக் கழற்றிவிட்டு ஆர்வக்காரர்களுடையதைப் போட்டிருந்தேன். சீடி ஓடியது. அவன் கை உயர்ந்தது, அந்தரத்தில் நின்றது, பிறகு திடீரென்று வேறோர் இடத்தில் இருந்தது. எனக்குப் பாதி விளங்கியது: விசா சரிவரவில்லை, சுணங்கும், நாளெடுக்கும், உன்னை இங்கே கூப்பிடுவேன். அவளுக்கு வேறொன்று விளங்கியது. கடலில் கை தயங்கினால் அந்தச் சைகையை ஒருவரும் நம்பமாட்டார்கள். தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டுகிறான் என்று வள்ளத்தைத் திருப்பிவிடுவார்கள். அவள் பாதியில் எழுந்தாள். 'பொய்' என்று கையால் சொன்னாள்.

நான் பதறிப்போனேன். அட்டையைத் தொட்டுக் காட்டினேன். இரண்டு வள்ளம் ஒரு வலையை ஆளுக்கொரு பக்கம் இழுப்பதாக நடித்தேன். அவனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றுதான் அவள் நினைத்தாள். வாசலில் நின்ற அவள் தமையன் என்னைக் கேட்டார்:

"ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு றைவரோ, தங்கச்சி? சேர்ந்து ஓட ஏலாதாமோ?"

"சேர்ந்தாங்களெண்டால் நான் ஏன் அண்ணை இப்பிடி முழிச்சுக்கொண்டு நிக்கிறன்?"

"அப்ப யாழ்ப்பாணம் ரவுணுக்குக் கொண்டுபோய் ஒரு கடையில போட்டுப் பாப்பம்."

கடையில் பெடியள் சுற்றி நிற்க அதைப் பார்க்கமாட்டேன் என்று அவள் மறுத்துவிட்டாள். பழைய லினக்ஸுக்கே திரும்பலாமென்றால் அதன் சீடி கீறல் விழுந்து வாசிக்காமல் கிடந்தது. நான் யாழ்ப்பாணம் போய்க் கம்பனியின் புதிய டிரைவரை எடுத்துவருவதற்குள், வந்தவர் அவளுடைய 'வேண்டாம்' என்ற பதிலோடு புறப்பட்டுவிட்டார். கொண்டுவந்த டிரைவரைப் போட்டேன், அதிலும் திரை கறுத்தது. அவனும் ரோசக்காரன். பிறகு ஒன்றும் அனுப்பவில்லை.

ஆத்திரத்தில் இரண்டு பகுதிக்கும் எழுதினேன். அட்டை உங்களுக்குத் தெரியும், லினக்ஸ் அவர்களுக்குத் தெரியும், ஒன்றாக இருந்து எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். கம்பனி நன்றி சொன்னது, அவ்வளவுதான். ஆர்வக்காரர்களில் ஒருவர், விபரத்தைத் தரச் சொல்லுங்கள், செய்து காட்டுகிறோம் என்று எழுதினார். இன்னொருவர், மூடிய டிரைவரைப் பாவிப்பவர்கள் எங்களிடம் முறைப்பாட்டோடு வரக்கூடாது என்றார். நான் பாவித்தது அவருடையதைத்தான்.

பிறகு சண்டை திரும்பியது, அல்லைப்பிட்டியில் சனத்தைச் சுட்டுக் கொன்றார்கள், யாழ்ப்பாணத்துப் பாதையும் பூட்டுப்பட்டது. சனம் சிதறியது. அவளுடைய குடும்பம் எப்படியோ மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தது. மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். கைப் பாஷைதான் தெரியாது.

அந்த இடைவெளியில் கம்பனி மனம் மாறியிருந்தது. அட்டையின் விபரங்களை வெளியே விட்டது. தன் ஆட்களையே ஆர்வக்காரர்களோடு சேர்ந்து எழுத விட்டது. இரண்டும் முழுதாக ஒன்றாகவில்லை, ஆனால் பேச்சுத் தொடங்கிவிட்டது. நாட்டில் சண்டை முடிந்த வருடம் அந்தப் புதிய டிரைவரை ஏற்றினேன். வீடியோ விக்காமல் ஓடியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முன்னமே செய்திருக்கக் கூடாதா என்று எரிச்சல்தான் வந்தது.

அந்த முறை பெருநாளுக்கு அவள் புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தாள். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குள் தனியாக வந்தாள். கணினியைக் காட்டி, அந்தச் சீடி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. போட்டேன்.

அவனுடைய கை எங்கேயும் தயங்கவில்லை. சுணங்கும், ஆனால் கூப்பிடுவேன் என்றான். கடைசியில் 'எனக்காகக் காத்து நிற்பாயா?' என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்கு இடம் விட்டு, கமராவைப் பார்த்தபடியே நின்றான். முன்னர் அவள் எழுந்துபோன பிறகு நான் பார்த்தபோது, அந்த இடத்தில் படம் சிக்கிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவள் திரையைப் பார்த்து 'ஓம், நிற்பேன்' என்று கை காட்டினாள். அவன் குனிந்து கமராவை நிறுத்தினான். வெளியே குழந்தை அழத் தொடங்கியது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது.