ஐயருக்கு ஒரு கதிரை

சம்மணம் கட்டி நிலத்தில் இருக்க முடியாத ஐயரை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். வேண்டுமானால் நயினாதீவுக்கு வாருங்கள், காட்டுகிறேன். படகு படகாகச் சனம் வந்து இறங்குகிற பெரிய கோயிலில் தேடாதீர்கள். அதற்கு எதிர்ப்பக்கமாக நடந்தால் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் வரும். அங்கே பூசை செய்கிறவன் நான். எனக்கு உதவிக்கு நிற்கிறவன் என் தம்பி.

வாலிபத்திலிருந்து என் சீவியம் சீமெந்து நிலத்தில்தான். ஓமம் என்றாலும் திதி என்றாலும் புதுவீடு குடிபூரல் என்றாலும் ஐயர் முதலில் செய்வது நிலத்தில் இருப்பது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனது அதனால்தானோ என்னவோ. எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், "நிலத்தில இருந்து எழும்புறதைக் குறையுங்கோ ஐயா" என்றார். கடல்தொழில் செய்கிறவனிடம் தண்ணீரில் படாதே என்று சொன்ன மாதிரி இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் போகிற கோயிலில் ஐயரால் ஒரு தோப்புக்கரணம் போட முடியவில்லை என்றால் பிள்ளையார்தான் என்ன நினைப்பார்!

ஆவணிச் சதுர்த்தி வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஓமகுண்டத்துக்கு முன்னால் காலையிலிருந்து மத்தியானம் வரை அசையாமல் இருக்கவேண்டும். நான் இருக்காவிட்டால் தம்பி இருப்பான். ஒருதரம் அவன் அந்த இடத்தில் இருந்துவிட்டால் ஊர் அடுத்த முறை அவனைத்தான் கூப்பிடும். ஊரைப் பிழை சொல்லமுடியாது, ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அந்த இடத்தை விட்டால் நான் வேறு என்ன?

யோகாசனம் செய்து பார்க்கச் சொன்னதும் டொக்டர்தான். "ஆனா மெதுவா. பழக்கிற ஆளோட" என்றார். வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "உங்களுக்கோ? நீங்களெல்லோ மற்றாக்களுக்குச் சொல்லிக்குடுக்கவேணும்!"

அந்த நினைப்புத்தான் எனக்கும் இருந்தது. ஒவ்வொரு சங்கற்பத்துக்கும் மூக்கைப் பிடித்து மூச்சை அடக்குகிறவன் நான். பதினாறு வயதில் பத்மாசனத்தில் இருந்தபடியே நித்திரை கொண்டிருக்கிறேன். எனக்கு எதற்கு வாத்தியார்? அறையைச் சாத்திவிட்டுப் போனில் ஒரு வீடியோவைப் போட்டேன். உடம்பில் எலும்பே இல்லாத ஒரு பொடியன் ஏதோ மலைக்குப் பக்கத்தில் இருந்து காலை மடக்கினான். நானும் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி இடது தொடையில் வைத்தேன். முழங்காலுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அந்தக் கிழமை முழுக்கத் தம்பிதான் பூசை.

பின்னேரம் பின்னேரம் கோயிலைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்து வாசல் படலையடியில் நின்று தருவான். உள்ளே வா, இரு என்றால் அவசரம் என்பான். நின்றபடியே சொல்லுவான்: "அண்ணை, ஏலாதெண்டா விடுங்கோவன். சதுர்த்தியை நான் பாக்கிறன்."

"உன்னைக் கேட்டனானே?" என்று திறப்பைப் பறித்தேன்.

அதற்குப் பிறகுதான் வாசிகசாலை மண்டபத்துக்குப் போனேன். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு பிள்ளை குறிகட்டுவானிலிருந்து படகேறி வந்து அங்கே யோகாசனம் பழக்குகிறாள். என் மகளைவிட வயது குறைவு. வேட்டியோடும் விபூதியோடும் கக்கத்தில் பனையோலைப் பாயோடும் நான் உள்ளே போக, பெண்கள் எல்லாம் அரக்கி இடம் விட்டார்கள். மனைவி ஏற்கெனவே முன்வரிசையில் இருந்தாள்.

அந்தப் பிள்ளை பாயைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அது சீமெந்தில் வழுக்கிக்கொண்டு போனது. "இது சரிவராது ஐயா, விழுந்துபோடுவியள்" என்று சுருட்டிச் சுவரோடு வைத்துவிட்டு, கைபிடி இல்லாத ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நிலத்தில். நான் மட்டும் பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர் மாதிரிக் கதிரையில். எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே எழும்பிப் போயிருப்பேன். கெதியாய் எழும்ப முடியாததால் இருந்தேன்.

"வேற என்ன வருத்தம் இருக்கு ஐயா?"

"முழங்கால் மட்டுந்தான்" என்றேன்.

மனைவி திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்க, "பிறஷரும் இருக்கு. குளிசை போடுறவர்" என்றாள்.

"அப்ப மூச்சை அடக்கக் கூடாது. தலையைக் கீழ தொங்கப் போடவும் வேண்டாம்" என்றாள் அந்தப் பிள்ளை. எனக்குத் தெரிந்ததே மூச்சை அடக்கத்தான். அதையும் பிடுங்கிவிட்டு என்ன தந்தாள் தெரியுமா? கணுக்காலைச் சுற்றச் சொன்னாள். கையை மேலே தூக்கி, மெதுவாக இறக்கச் சொன்னாள். கதிரையின் விளிம்பில் இருந்து ஒரு காலை நீட்டி, மடக்கச் சொன்னாள். வேதம் படித்தவனை அரிவரி வகுப்பில் கொண்டுபோய் இருத்தின மாதிரி இருந்தது.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. நோ வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யக்கூடாது. "ஏலாது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நிறுத்தவேண்டும். பெண்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். என் மனைவி செய்து பார்க்க முன்னமே சொன்னாள். எனக்கு அந்தச் சொல் தொண்டையைத் தாண்டவில்லை. ஏலாதவர்கள் கோயிலுக்கு வந்து சொல்லுகிற சொல் அது. கேட்டு அருச்சனை செய்கிறவன் அல்லவா நான்? அதனால் நோவோடு செய்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, "ஐயா, நிப்பாட்டுங்கோ" என்பாள். அதுவும் எரிச்சல்.

ஆடி முடிந்தது. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பினேன், படியில் கொஞ்சம் சுகமாக இறங்கினேன். ஆனால் சம்மணம் மட்டும் வரவில்லை. ஒருநாள் பொறுமை போய்விட்டது. "பிள்ளை, நீர் என்னை எப்பதான் நிலத்தில இருத்தப்போறீர்?" என்று சத்தம் போட்டேன்.

"இனி இருக்காமலே போகலாம் ஐயா" என்றாள். பொய் சொல்லாத பிள்ளை. பிறகு, குனிந்து நிலத்தைத் தொட முடியாமல் நின்ற ஓர் அம்மாவுக்கு முன்னால் நீளமான ஒரு மர வாங்கை இழுத்து வைத்து அதில் கையூன்ற விட்டாள். "உங்களால நிலத்துக்குப் போக ஏலாட்டி, நிலத்தை உங்களிட்ட கொண்டுவரவேணும்."

திரும்பி வருகிற வழியில் அந்த வாங்குதான் கண்ணுக்குள் நின்றது. ஓமகுண்டம் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கட்டுகிற ஒன்றுதானே. கீழே சீமெந்துக் கல் அடுக்கி மேடையை உயர்த்தினால் என்ன? நெருப்பு என் கைக்கு வரும். நான் கதிரையில் இருக்கலாம்.

தம்பி துள்ளினான். "ஊர் என்ன சொல்லும் அண்ணை? ஐயர் கதிரையில இருந்து ஓமம் செய்யிறதோ?" ஆகமத்தில் குண்டத்துக்குத்தான் அளவு சொல்லியிருக்கிறது, அது நிற்கிற மேடைக்கு இல்லை என்று நான் வாதாடினேன். அப்படித்தானா என்று எனக்கே முழு நிச்சயம் இல்லை. கல் அடுக்கியாயிற்று.

சதுர்த்தியன்று சனம் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "லண்டன் ஐயர்" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும். நெய்யை எட்டி விட்டேன், முதுகு இழுத்தால் நிமிர்ந்தேன், மந்திரம் ஒன்றும் பிசகவில்லை. பூரணாகுதியும் என் கையாலேயே நடந்தது. எழும்பினேன், என் காலாலேயே எழும்பினேன்.

கடைசியாக மூலஸ்தானத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடவேண்டும். அது என்னால் முடியாது. சனம் பார்த்துக்கொண்டு நின்றது. நான் தடுமாறுவதைக் கண்டு தம்பி முன்னால் வந்து, எனக்காக நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்தவன் எழும்பவில்லை. என்ன பக்தி என்று சனம் கையெடுத்தது. எனக்கு ஏதோ பிழையாகப் பட்டது. கிட்டப் போய்க் குனிந்தேன்.

"அண்ணை," என்றான் நிலத்தோடு முகத்தை வைத்தபடி, "எழும்ப ஏலாமக் கிடக்கு. முழங்கால்."

"எப்பேலயிருந்து?"

"போன வருசம்."

படலையடியில் நின்றபடியே கதைத்தது, இரு என்றால் அவசரம் என்றது எல்லாம் அப்போதுதான் விளங்கியது. "பிறகென்னத்துக்கு ஓமத்தில இருக்கப்போறன் எண்டு நிண்டனி?" என்று பல்லைக் கடித்தேன்.

"உங்கட கால் என்ர காலைவிட மோசம் எண்டுதான்."

அறைந்திருப்பேன். ஓமத்துக் கதிரையை இழுத்து அவன் தலைப்பக்கம் வைத்தேன். "ஒருக்களிச்சுப் படு. மூச்சை அடக்காதை. இப்ப கையை இதில ஊண்டு" என்றேன். மெல்ல மெல்ல எழும்பினான்.

அத்தனை செவ்வாய்க்கிழமை என் வாயில் வராத சொல்லை அவன் பிள்ளையாருக்கு முன்னால் எனக்கு முந்தியே சொல்லிவிட்டான். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.