துரை அண்ணாச்சி சுவரில் மாட்டிய நாற்காலி

துரை அண்ணாச்சி இறந்துவிட்டார்.

இன்று காலை, தாராவியில், அவருடைய இஸ்திரிக் கடையிலேயே நெஞ்சு வலி. எங்கள் சந்து வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டோவைப் பார்த்ததும் பிறந்தநாள் என்றுதான் முதலில் நினைத்தேன்…

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சந்தின் முனையில்தான் அவர் கடை. திருநெல்வேலிக்காரர். சரியான பயந்த சுபாவம். மழை பிடித்தால் தலைக்கு மேல் தொங்கும் ஒயரைப் பார்த்தபடியே நிற்பார். யாராவது பலமாக இருமினால் துணியை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்.

சில வருஷங்களுக்கு முன்னால் மூன்றாவது வீட்டு லட்சுமணன் மாமாவுக்கு மத்தியானம் மாரடைப்பு. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் நிற்கிறது. எங்கள் சந்து வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது.

பெட்ஷீட்டில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். வளைவில் ஒரு முனை நழுவிவிட்டது. மாமாவைச் சாக்கடை மூடி மேல் இறக்கி வைத்து, மறுபடி தூக்கி… ரோட்டுக்குப் போனபோது மூச்சு இல்லை.

அந்த முனையைப் பிடித்திருந்தது அண்ணாச்சி.

ஒரு வாரம் கடை திறக்கவில்லை. அப்புறம் கடையில் கிடந்த இரும்பு நாற்காலியை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். முன்னாலும் பின்னாலும் பைப் வைத்து, பல்லக்கு மாதிரி தூக்க வழி பண்ணிக் கடைச் சுவரில் வெளியே மாட்டிவிட்டார்.

முதலில் சண்டைக்குப் போனது யார் தெரியுமா? என் அம்மா.

"விடிஞ்சதும் இது மூஞ்சியிலயா முழிக்கணும்? உள்ள தூக்கிப் போடுங்க அண்ணாச்சி."

"உள்ள போட்டா நான் கடையப் பூட்டிட்டுப் போற நேரத்துல யாரு எடுப்பா? அது வெளியதான் கெடக்கும்."

அண்ணாச்சி யாரிடமும் அப்படி எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் தனியாகக் கேட்டேன், எதுக்கு இவ்வளவு பிடிவாதம் என்று.

"பயமா இருக்கு தாயி. இன்னொருக்க என் கையில இருந்து நழுவிச்சுன்னா?"

அடுத்த சந்தில் தோல் பை தைக்கும் ரஃபீக் பாய் ஒருநாள் நாற்காலியைக் கழற்றிக்கொண்டு போக, அண்ணாச்சி பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார். பாய் நிற்காமலே கத்தினார்: "அரே, பெல்ட் கே பினா ஆத்மி கிர் ஜாயேகா!" பெல்ட் இல்லாமல் ஆள் கீழே விழுந்துவிடுவானாம். சாயங்காலம் பாயே இரண்டு தோல் பட்டை தைத்துத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். யாரும் கேட்கவில்லை.

இட்லி விற்கிற மாரியம்மாள் அக்கா வேறு வேலையை எடுத்துக்கொண்டார். வளைவில் எவன் பைக்கை நிறுத்தினாலும் அவனோடு சண்டை. தினமும்.

போன வருஷம் மழைக்காலம். ஐரோலியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறேன். அண்ணாச்சி போன்.

"அம்மாக்கு மூச்சு வாங்குது. ஏணியில எறக்கி நாற்காலியில வச்சாச்சு. நீ வீட்டுக்கு வராத, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

எங்கள் வீடு மாடியில். இரும்பு ஏணிதான் படி. அதில் அம்மாவை எப்படி இறக்கினார்களோ. போனைக் கட் பண்ண மறந்துவிட்டார் போல. எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது… காலடிச் சத்தம், வழி கேட்டுக் கத்தும் ரஃபீக் பாயின் "சைட் தோ, சைட் தோ", மாரியம்மாள் அக்காவின் "பைக்க எடுலே!"

நடுவில் கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. வளைவு என்று தெரியும். பெட்ஷீட்தான் ஞாபகம் வந்தது. மீட்டிங் ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அண்ணாச்சி குரல். "திரும்பிட்டோம்… திரும்பிட்டோம்."

அம்மா பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேறு வேறு சந்துகளில் இருந்து டேப்போடு ஆட்கள் வந்தார்கள். கோவண்டியில் இருந்துகூட. அண்ணாச்சிக்கு வெட்கம். "அளவெடுத்துக்கிடுங்க. ஆனா மடக்குற மாதிரி பண்ணுங்க, என்னோடது மடங்காது" என்பார். மடங்குகிற மாதிரியே செய்தார்கள். ஒரு சந்துப் பெண்கள், ஏணியில் ஆளை இறக்குவதற்குத் தனியாகத் துணிப் பட்டை தைத்து வைத்திருக்கிறார்களாம்.

இன்று அவரையும் அவர் நாற்காலியில்தான் தூக்கியிருக்கிறார்கள். சட்டென்று ரோட்டுக்கு வந்துவிட்டார்களாம். எங்கேயும் இறக்கி வைக்கவில்லை என்று மாரியம்மாள் அக்கா போனில் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். "வழியெல்லாம் பேசிட்டுதான்ட்டி வந்தாரு. பொட்டிய ஆஃப் பண்ணியாச்சா, துணி தீஞ்சிரும்னாரு."

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். முடியவில்லை.

இதை டிரெயினில் இருந்து எழுதுகிறேன். குர்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்கிறது, மழை. அம்மா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். "இன்னும் எடுக்கல, சீக்கிரம் வா. எவ்வளவு நேரம்தான் நிறுத்தி வைக்கச் சொல்ல?"

வண்டி நகர்கிறது.

சயான் ஸ்டேஷன் வந்ததும் இறங்கி ஓடி வந்துருவேன். கொஞ்சம் இருங்க அண்ணாச்சி.