பலகையில் சிரிக்கிற பல்

என் தங்கை பல் டாக்டர். நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் 'மறுபடி'. பல் அளவு எடுத்துவிட்டு உற்றுப் பார்ப்பாள், "மறுபடி எடுக்கலாமா?" என்பாள். லேபிலிருந்து வந்த பல் உறையை, அதாவது கேப்பை, மாட்டுவாள், ஓரத்தில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டு, "மறுபடி வரணுமே" என்பாள். முன்பல் என்றால் கேட்கவே வேண்டாம். வேலையைத் தொடங்கும் முன்பே, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில்தான் நிறம் பார்ப்பாள். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடுமாம், அந்த வெளுப்புக்குச் செய்த பல் ஊருக்கே தனியாகத் தெரியுமாம். மேகம் மூடியிருந்தால், "நாளைக்கு வாங்க." வெயில் இல்லை என்று நோயாளியைத் திருப்பி அனுப்புகிற டாக்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் தங்கை கணவரும் கடைவாய்ப் பல்வலியோடு வந்தவர்தான். மறுபடி மறுபடி வரச்சொன்னதில் அலுத்துப்போய்ப் பெண் கேட்டே வந்துவிட்டார்.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கிளினிக்கின் முன்னறையில் உட்கார்ந்து, காத்திருப்பவர்களைச் சமாதானப்படுத்துவது என் பொறுப்பு. கை அவளுக்கு, வாய் எனக்கு. கொஞ்ச காலமாகக் காத்திருப்பவர்களும் இல்லை, சமாதானமும் தேவைப்படவில்லை. காரணம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

அங்கே கண்ணாடி முகப்போடு ஒரு பல் கிளினிக். வாசலுக்கு மேலே லாரி நீளத்துக்கு ஒரு பலகை, அதில் அந்த டாக்டரே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். 'ஒரே நாளில் புதுச் சிரிப்பு' என்று எழுதியிருக்கும். நான் அவருக்குப் பளபளா என்று பெயர் வைத்திருந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருக்க முடியாது. பொழுது சாய்ந்ததும் பலகைக்குள் விளக்கு எரியும், அந்த வெளிச்சம் எங்கள் தரையில் வந்து விழும். எங்களிடம் வந்துகொண்டிருந்தவர்கள் என் கண்ணில் படக்கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டு அங்கே நுழைவார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன். இந்த வருஷமும் இப்படியே போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று தங்கை கணவர் சொல்லிவிட்டார். அவள் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மதியம் பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. உதவிக்கு இருக்கும் பெண் சாப்பிடப் போயிருந்ததால் நானே போய்த் திறந்தேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பளபளா நின்றிருந்தார்.

"டாக்டர் இருக்காங்களா?"

"முன்வாசல்னு ஒண்ணு இருக்கே," என்றேன்.

"தெரியும்மா. அதனாலதான் இப்படி வந்தேன்."

கைக்குட்டைக்குள் ஒரு கேப் இருந்தது. மேல்வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்த பல்லின் கேப். தினமும் பலகையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிற அதே பல். இரவெல்லாம் வலித்ததாம், காலையில் பல் தேய்க்கும்போது கையோடு வந்துவிட்டதாம். அன்று சாயங்காலம் அவருடைய இரண்டாவது கிளினிக்கின் திறப்பு விழா. மேடையேறிப் பேச வேண்டியவர் அவர்தான்.

"உங்ககிட்ட இல்லாத மிஷினா, இல்லாத ஆளா?" என்று கேட்டுவிட்டேன்.

"அக்கா, சும்மா இரு," என்றாள் தங்கை.

"அவங்க கேக்கறது நியாயம்தான்," என்றார் அவர். "இதைப் போட்டது என் ஆளுங்கதான். பலகைக்குப் போட்டோ எடுக்கணும்னு ஒரே நாள்ல போட்டாங்க. சரி போடுங்கன்னு தலையாட்டினது நான். இப்ப திரும்பவும் அவங்க கையில வாயைக் குடுக்க எனக்குத் தைரியம் வரல."

தங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். "கேப்போட ஓரம் சரியா உக்காரவே இல்ல. அந்த இடுக்கு வழியா உள்ள அரிச்சிருக்கு. வேர் நுனியில சீழ்."

"சிமெண்ட் வெச்சு ஒட்டிடுங்க டாக்டர். இன்னைக்கு ஒரு நாள் தாங்கினா போதும்."

"சீழை உள்ள வெச்சு மூடினா மேடையிலயே முகம் வீங்கும். பல்லைப் பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம், ஆனா வேர் உறுதியா இருக்கு, எனக்கு மனசு வரல. வேர் சிகிச்சை பண்ணிடலாம். சுத்தமானப்புறம் உள்ள ஒரு கம்பி நட்டு, அதுக்கு மேல புது கேப். இன்னைக்கு ஆரம்பிச்சு, தற்காலிகமா ஒரு பல்லு மாட்டி அனுப்பறேன்."

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா?"

"எல்லாம் ஒழுங்கா போச்சுன்னா."

ஒழுங்காகப் போகவில்லை. ஈறு மரத்துப்போக மருந்து ஏற்றி, அந்த ஒரு பல் மட்டும் தெரியும்படி வாய்க்கு மேல் ரப்பர் தாளை விரித்தாள். எச்சிலை உறிஞ்சும் குழாயை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். வேரைச் சுத்தம் செய்கிற ஊசி மயிர் போல மெலிதாக இருக்கும், மோட்டாரில் சுழன்றுகொண்டே உள்ளே போய் வரும். அந்த வேர் நுனியில் வளைந்திருந்தது. ஊசி போய் வந்தது, போய் வந்தது. பிறகு டிக் என்று ஒரு சின்னச் சத்தம், நகம் ஒடிகிற அளவுக்கு. தங்கையின் கை அப்படியே நின்றது. ஊசியை வெளியே எடுத்து, பஞ்சில் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நுனி இல்லை.

பளபளா கண்ணை மூடியபடியே, "ஆங்?" என்றார். "ஒரு நிமிஷம் டாக்டர்," என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்து அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"புது ஊசி, அக்கா. பாக்கெட்டை இப்பதான் பிரிச்சேன்," என்றாள் மெதுவாக.

"பழசோ புதுசோ, இப்ப யாரு கேட்டா? அவர் கண்ணை மூடிட்டுப் படுத்திருக்காரு. அடைச்சு, பல்லை மாட்டி அனுப்பிடு."

"எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடும்."

"யாரு எடுக்கப் போறா? அவரோட ஆளுங்களா? கேப் ஓரமே தெரியாதவங்களுக்கு இதா தெரியப்போகுது?"

அவள் குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அடியே, கொஞ்சம் யோசி. வெளிய போய் அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும், மறுபடிகிட்ட போனேன், பல்லுக்குள்ள ஊசியை ஒடைச்சுட்டாங்கன்னு. அதோட நம்ம கிளினிக் காலி. உன் பேரும் காலி."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

கையைத் துடைத்துக்கொண்டாள். "அது அவர் பல்லு, அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த நேரத்தில் எனக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

இன்னொரு எக்ஸ்ரே எடுத்தாள். வேர் வளைகிற இடத்தில் வெள்ளைக் கீறலாக ஊசி நுனி தெரிந்தது. திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"டாக்டர், ஊசி நுனி உள்ள ஒடைஞ்சிடுச்சு. என் கையிலதான் ஒடைஞ்சது. இதோ, இங்க நிக்குது. எடுக்கப் பாக்கறேன், ரொம்ப நேரம் பிடிக்கும். எடுக்க முடியாமலும் போகலாம். அப்படி ஆனா அதைத் தாண்டி முடிஞ்ச வரைக்கும் சுத்தம் பண்ணி அடைச்சுட்டு, அப்பப்ப எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கணும். சாயங்காலத்துக்குள்ள உங்களை அனுப்ப முடியாது. வேற யார்கிட்டயாவது போகணும்னா சொல்லுங்க, இப்பவே தற்காலிகமா மூடிக் குடுத்துடறேன்."

அவர் திரையையே பார்த்தார். ரப்பருக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன, அவற்றிலிருந்து என்னால் எதையும் படிக்க முடியவில்லை. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. கடைசியில் அதை எடுத்து அணைத்தார். தலையைச் சாய்த்து வாயை இன்னும் பெரிதாகத் திறந்தார்.

உதவிப்பெண் வந்ததும் குழாயை அவளிடம் கொடுத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டவள் மாதிரி தலையைத் திருப்பியபடியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி, மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் குனிந்திருந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்தது. எதிரே பலகையில் விளக்கு எரிந்தது. அங்கே எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் எங்கள் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். எங்கோ அந்தத் திறப்பு விழா அவர் இல்லாமலே நடந்துகொண்டிருந்திருக்கும். 

"வந்துடுச்சு," என்று தங்கையின் குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பஞ்சின்மேல் இமை மயிரில் பாதி அளவுக்கு ஒரு துண்டு மின்னியது.

வேரில் மருந்து வைத்து, தற்காலிகப் பல்லை மாட்டி எழுப்பினாள். அவர் கண்ணாடியில் பல்லைப் பார்க்கவில்லை. "அந்தத் துண்டை நான் எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார். ஊருக்குக் காட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். தங்கை அதை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே பின்கதவால் போய்விட்டார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, மருந்துக் கடைக்காரர் என்னை நிறுத்தினார். "உங்க டாக்டரம்மா எதிர் டாக்டரோட பல்லுல ஊசியை ஒடைச்சுட்டாங்களாமே. அங்க வேலை பாக்கறவங்களை எல்லாம் கூப்பிட்டு அந்தத் துண்டைக் காட்டினாராம்."

நான் வீடு வரும்வரை பளபளாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். "பாத்தியா? நான் தலையால அடிச்சுக்கிட்டேனே," என்றேன் தங்கையிடம். "நடந்ததைத்தானே சொல்லியிருக்காரு," என்றாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை. அடுத்து வந்த நாட்களில், வருவதாகச் சொன்ன ஒன்றிரண்டு பேரும் வரவில்லை. கிளினிக் இடத்தைக் காலி செய்வது பற்றிக் கட்டிடச் சொந்தக்காரரிடம் பேசப்போவதாகத் தங்கை கணவர் சொன்னார். நான் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அப்படி ஒரு காலைநேரத்தில் எதிர் கிளினிக்கிலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். தெருவைக் கடந்து நேராக எங்கள் முன்வாசல் வழியே நுழைந்தார். ஒரு கை கன்னத்தில், முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"மறுபடி டாக்டர் இங்கதானே?"

"என்ன விஷயம்?" என்றேன், நானும் கடுப்பாகவே.

"போன வருஷம் எதிர்லதான் வேர் சிகிச்சை பண்ணிக்கிட்டேன். அப்போலேர்ந்து விட்டு விட்டு வலி. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே அனுப்பிட்டிருந்தாங்க. இன்னைக்கு அந்த டாக்டரே கூப்பிட்டு உக்கார வெச்சு, உங்க பல்லுக்குள்ள ஊசி ஒடைஞ்சு கிடக்கு, அது அன்னைக்கே எனக்குத் தெரியும், உங்ககிட்ட சொல்லலைங்கறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு நல்லா கேட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒரு காகிதத்தைப் பிரிச்சுக் காட்டினாரு. இது என் பல்லுல ஒடைஞ்சது, ஒடைச்சவங்க அந்த நிமிஷமே என்கிட்ட சொல்லிட்டாங்க, நீங்க அவங்ககிட்ட போங்கன்னாரு. அதான் வந்தேன்."

வாய் எனக்கு என்று பெருமையடித்துக்கொண்டவள், கையை மட்டும் உள்ளே காட்டினேன். கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தங்கை, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். எக்ஸ்ரே எடுத்தாள். திரையை உற்றுப் பார்த்தாள். படம் லேசாக ஆடிப்போயிருந்தது.

"மறுபடி எடுக்கலாமா?" என்றாள்.

"எத்தனை தடவை வேணும்னாலும் எடுங்க டாக்டர்," என்றார் அந்தப் பெண்மணி.