நான் தட்டிவிட்ட கற்கள்

2005 கோடையில் ஜெர்மனியிலிருந்து நானும் மனைவியும் இத்தாலியின் சார்டினியா தீவுக்குப் போனோம். ஆட்டிடையர்கள் முந்தித் தங்கிய கல்குடில்களைச் சுற்றிவரும் மலைப்பாதையில் நடந்தோம். நான் துப்புரவு வேலை செய்கிறவன். பாதையில் இருந்த சின்னக் கற்குவியல்கள் அவவின் காலில் தடக்கும் என்று, காலால் தட்டி ஒதுக்கிக்கொண்டே போனேன்.

மேலே பாதை இடிந்து கிடந்தது. திரும்பினால் வந்த வழி தெரியவில்லை. தண்ணீரும் முடிந்தது. அவ தலைசுற்றி ஒரு குடிலுக்குள் இருந்துவிட்டா.

வரைபடத்தோடு வந்த ஜெர்மன்காரர் ஒருவர் தண்ணீர் தந்தார். கற்குவியல்தான் வழிக்குறி, எந்த மடையனோ தட்டிவிட்டான் என்று கத்தினார். நான்தான் என்றேன்.

"இஞ்சையும் வந்து கூட்டோணுமோ உங்களுக்கு?" என்றா மனைவி.

ஜெர்மன்காரர் வரைபடத்தைப் பார்த்து இடம் காட்டக் காட்ட, கல்லை அடுக்கிக்கொண்டே அவவோடு இறங்கினேன். என்னிலேயே எரிச்சல். இப்ப எங்கே நடக்கப் போனாலும், வழிக்குறி என்னவென்று முதலில் கேட்கிறேன்.