தப்பாகக் கூட்டும் முயல்

என் காரின் டேஷ்போர்டில் ஒரு துணி முயல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு காது மடங்கியிருக்கும். ஏறுகிறவர்கள், "குழந்தை விட்டுட்டுப் போயிருச்சுங்களா?" என்று கேட்பார்கள். இல்லை, எங்கள் டிசைன் மேடம் கொடுத்தது. பாடம் சொல்லித்தரும் செயலி செய்கிற ஒரு சேலத்து ஆபீஸில் அப்போது நான் டிரைவர். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன் வேறு. அங்கே யாராவது என்னிடம் ஒரு கணக்கைக் கேட்டுவிடுவார்களோ என்று தினமும் பயந்துகொண்டே இருப்பேன்.

மேடத்துக்கும் ஒரு கவலை இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த செயலியை ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி மாற்ற வேண்டும். நிறத்தை மாற்றினார், பாட்டை மாற்றினார். எந்தப் பள்ளியிலும் எடுபடவில்லை. "எருமப்பட்டிப் பிள்ளைகளும் வேண்டாம்னா மூடிரலாம்னு முதலாளி சொல்லிட்டாருண்ணா" என்றார், வண்டி நாமக்கல்லைத் தாண்டும்போது.

வகுப்பில் டேப்லெட்டுகளைக் கொடுத்தார். சரியான விடைக்குத் திரையில் ஒரு முயல் கைதட்டி, "சமத்துக் குட்டி!" என்றது. "நாங்க என்ன பால்வாடிங்களா மேடம்?" என்று ஒருவன் கேட்க, வரிசையாகத் திரையைக் கவிழ்த்து வைத்தார்கள். மேடம் சிரித்துக்கொண்டுதான் நின்றார். துப்பட்டா நுனி மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி இறுகியது. வெயிலுக்கு ஒதுங்கிக் கடைசி பெஞ்சில் இருந்த என்னிடம் ஒரு இரட்டைச்சடைக்காரி தன் டேப்லெட்டைத் தள்ளினாள். "நீங்க போடுங்கண்ணா. உங்களைக் கொஞ்சட்டும்."

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னது திரை. வியர்த்துவிட்டது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று போட்டேன். "அய்யய்யோ அண்ணா! அரை லிட்டர் பாலோட இன்னுங்கொஞ்சம் ஊத்துனா அரைக்கும் கொறைஞ்சு போவுமாங்க? அஞ்சுல ரெண்டு அரையை விடச் சின்னதுங்கண்ணா!" என்று கத்தினாள். "அப்பத் தப்புங்களா சாமி?" என்று நான் முழித்த முழிப்பில் வகுப்பே எழுந்து வந்துவிட்டது. "தள்றா, அண்ணனுக்கு நாஞ் சொல்றேன்" என்று ஒருவன் தோசையை வெட்டிக் காட்டுவது போல மேசையில் கோடு போட்டான். கவிழ்ந்த டேப்லெட்டுகள் நிமிர்ந்தன. மணி அடித்தும் என்னை விடவில்லை.

திரும்பும்போது மேடம் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். வேலை போச்சு என்றே முடிவு கட்டினேன். டீக்கடையில், "மானத்தை வாங்கிட்டேனுங்க மேடம்" என்றதும் புரையேறச் சிரித்தார். "நாங்க இத்தனை நாளா அவங்களைப் பாராட்டிட்டு இருந்தோம். அவங்களுக்குத் திருத்தறதுக்கு ஒரு ஆள் வேணும் அண்ணா. நம்ம முயலுக்கு உங்க பயத்தைக் குடுப்பீங்களா?"

அடுத்த தடவை அதே வகுப்பில், முயல் கைதட்டவில்லை. தப்பாகக் கூட்டிவிட்டு, ஒரு காதை மடக்கிக்கொண்டு, "அப்பத் தப்புங்களா?" என்றது. முன்வரிசைப் பையன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு, "டேய், இது நம்ம டிரைவரண்ணன்டா!" என்று கூரை அதிர்ந்தது. முயலைத் திட்டித் தீர்த்தார்கள்; திட்டிக்கொண்டே சொல்லியும் கொடுத்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேடத்தின் துப்பட்டா அன்று சும்மா கிடந்தது.

மேடம் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனபோதுதான் இந்தத் துணி முயலைக் கொடுத்தார். இப்போது என் மகள் ஒன்பதாவது. வண்டியில் ஏறியதும் போனில் அந்த முயலை அதட்ட ஆரம்பிக்கிறாள். "எத்தனை வாட்டி சொல்றது? கீழ இருக்கறதை மொதல்ல ஒண்ணாக்கு!" கேட்டுக் கேட்டு, அந்தப் பழைய கணக்கின் விடை ஆறில் ஐந்து என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் என் பக்கம் திரும்பி, "உங்களுக்காச்சும் தெரியுமாங்கப்பா?" என்று கேட்கும்போது, டேஷ்போர்டில் இருக்கும் மடங்கிய காதை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்:

"அஞ்சுல ரெண்டுங்களா சாமி?"